துப்பறியத் தெரியாத துப்பறிவாளர்: 'சம்பு'வைப் படைத்த தேவன் யார்?

ஷெர்லாக் ஹோம்ஸுக்கு மூளைதான் மூலதனம். நம்ம ஊர் சம்புவுக்கு அது சுத்தமாகக் கிடையாது. நாற்பது வயது, அசடு என்று பெயரெடுத்த பேங்க் குமாஸ்தா. வேலையும் போய்விடுகிறது. ஆனால் சம்பு உளறுவதும் சொதப்புவதும் எப்படியோ கேஸை முடித்துவைக்க, இன்ஸ்பெக்டர் கோபாலன் உட்பட எல்லோரும் பெரிய மேதை என்றே நம்பிவிடுகிறார்கள். 1942-ல் ஆனந்த விகடனில் வந்த 'துப்பறியும் சம்பு' கதைகளின் ஃபார்முலா இதுதான். துப்பறியும் கதைகளையே செமையாகக் கலாய்த்த கதைகள்!

எழுதியவர் தேவன். இயற்பெயர் ஆர்.மகாதேவன். 1913-ல் திருவிடைமருதூரில் பிறந்தவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, இருபதுகளின் தொடக்கத்திலேயே விகடனில் சேர்ந்தார். கல்கி விலகிய பிறகு நிர்வாக ஆசிரியர். மொத்தம் 23 வருடம் அங்கேதான். காமெடி மட்டும்தான் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கொலை வழக்கு விசாரணையை கோர்ட்டுக்குள்ளேயே உட்காரவைத்துச் சொன்ன 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' அவர் எழுதியதுதான்.

வாராவாரம் இவ்வளவு எழுதியவருக்கு, உயிரோடு இருந்தவரை ஒரு புத்தகம்கூட வரவில்லை என்பதுதான் கொடுமை. வாசகர்கள் விகடன் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்துக்கொண்டதோடு சரி. 1957 மே 5-ம் தேதி தேவன் இறந்தபோது வயது 43. புத்தகங்கள், தூர்தர்ஷன் சீரியல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கம்பெனி பஸ்ஸில் பூந்தமல்லியில் ஏறி ஒரகடத்தில் இறங்குவதற்குள் ஒரு சம்பு கதையை முடித்துவிடலாம். ஒவ்வொன்றும் தனிக்கதைதான். ஆனாலும் வேலை போகும் முதல் கதையிலிருந்தே தொடங்குங்கள்.