சப்பாத்துத் தைத்த நாடகாசிரியர் ஹான்ஸ் சாக்ஸ்

ஐரோப்பாவில் மத்திய காலத்து நாடகம் தேவாலயத்துக்குள்தான் பிறந்தது. உயிர்ப்புப் பெருநாளில் குருமார் லத்தீனில் பாடி நடித்தார்கள். பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்கு அந்த மொழி விளங்காது. பிறகு நாடகம் மெல்ல மெல்லச் சந்தைவெளிக்கு வந்து, சனத்தின் மொழியைப் பேசத் தொடங்கியது. தச்சர், நெசவாளர், பாண் சுடுகிறவர் என்று ஒவ்வொரு தொழிற்சங்கமும் தங்கட காசைப் போட்டு நாடகம் நடத்தின. அப்படித் தொழிலாளர் கைக்கு வந்த நாடகத்தை வளர்த்தெடுத்த ஒருவர்தான் ஹான்ஸ் சாக்ஸ்.

இவர் 1494 நவம்பர் 5 ஆம் திகதி யேர்மனியில் நூர்ன்பேர்க் நகரில் பிறந்தார். தகப்பன் தையல்காரர். லத்தீன் பள்ளிக்கூடத்தில் படித்த மகனை 15 வயதில் சப்பாத்துத் தைக்கப் பழக விட்டார்கள். அதே காலத்தில் நுன்னன்பெக் என்ற துணி நெசவாளரிடம் பாட்டுக் கட்டவும் பழகினார். தொழிலாளிகள் கூடி, கடுமையான இலக்கண விதிகளோடு பாட்டுக் கட்டிப் பாடும் சபைகள் அப்போது இருந்தன.

தொழில் பழகினவர்கள் ஊர் ஊராகப் போய் வேலை செய்து வருவது அன்றைய வழக்கம். சாக்ஸும் 1511 இல் புறப்பட்டு மியூனிக், சால்ஸ்பூர்க், பிராங்க்பேர்ட், கொலோன் என்று 5 வருசம் அலைந்தார். 1516 இல் ஊர் திரும்பினார். 1520 இல் சொந்தப் பட்டறை வைக்கும் உரிமை கிடைத்தது.

மார்ட்டின் லூதரின் சீர்திருத்தம் நாட்டைக் கலக்கிய நேரம் அது. 1523 இல் சாக்ஸ் லூதரை ஒரு குயிலாக வைத்துப் பாடிய நீண்ட கவிதை எங்கும் பரவியது. 1527 இல் போப்பாண்டவரைத் தாக்கி வந்த ஒரு படப் புத்தகத்துக்கும் பாட்டெழுதினார். நகரசபைக்குக் கோபம் வந்திட்டுது. புத்தகம் எழுதுவது உன்ர வேலை இல்லை, போய்ச் சப்பாத்தைத் தை என்ற கருத்தில் கட்டளை போட்டுது. ஆனால் மனுசன் சப்பாத்துத் தைப்பதையும் விடவில்லை, எழுதுவதையும் விடவில்லை.

தவக்காலத்துக்கு முன் வரும் களியாட்ட நாட்களில் நடிக்கிற சின்ன நாடகங்கள்தான் இவருக்குப் பெரிய பெயர் கொடுத்தன. மேடை அலங்காரம் பெரிதாக இல்லை. மூன்று பேரிலிருந்து ஆறு பேர் வரை போதும். பெண் வேசமும் ஆண்கள்தான். முந்தி இந்த நாடகங்களில் ஆபாசப் பகிடி நிறைய இருந்தது. சாக்ஸ் அதைக் குறைத்து, சிரிப்புக்குள் புத்திமதியை வைத்தார்.

1550 இல் எழுதிய ஒன்றைப் பாருங்கள். ஒரு கமக்காரன் மனைவியிடம் ஊர் சுற்றும் மாணவன் ஒருவன் வருகிறான். தான் பாரிஸிலிருந்து வருவதாகச் சொல்கிறான். அவளுக்கு அது பரதீஸ் என்று கேட்கிறது. செத்துப்போன முதல் புருசன் அங்கே சுகமோ என்று விசாரிக்கிறாள். அவர் உடுக்கத் துணியில்லாமல் கஷ்டப்படுகிறார் என்று இவன் அளந்துவிட, உடுப்பும் காசும் கட்டிக் கொடுத்துவிடுகிறாள். விசயம் அறிந்த இரண்டாம் புருசன் குதிரையில் துரத்திப் போய், ஆளை அடையாளம் தெரியாமல் அந்த மாணவனிடமே குதிரையைப் பிடிக்கக் கொடுத்து, அதையும் பறிகொடுக்கிறான். வீட்டுக்கு வந்து, செத்தவர் சவாரி செய்யக் குதிரையையும் கொடுத்தேன் என்று சமாளிக்கிறான். மனைவியைப் பழித்தவனே அவளிலும் மோசமாக ஏமாந்தான்!

மறுமலர்ச்சிக் காலத்தில் கிரேக்க, ரோமக் கதைகளும் இத்தாலியரான பொக்காச்சியோவின் கதைகளும் யேர்மன் மொழிக்கு வந்துகொண்டிருந்தன. சாக்ஸ் அவற்றைத் தேடிப் படித்து நாடகமாக்கினார். லத்தீன் அறியாத கொல்லனும் தையல்காரனும் பழைய ரோமாபுரியை அவரிடம் பார்த்தார்கள். கணக்குப் பார்த்தால் பாட்டும் நாடகமுமாக 6000 க்கு மேல். அதில் களியாட்ட நாடகங்கள் மட்டும் சுமார் 85.

வீட்டில் சோகம்தான். பிறந்த ஏழு பிள்ளைகளும் அவருக்கு முன்னமே இறந்து போனார்கள். 1560 இல் மனைவியும் போய்விட, அடுத்த வருசம் மறுமணம் செய்தார். 1576 ஜனவரி 19 ஆம் திகதி கண்மூடினார். அதே வருசம்தான் லண்டனில் ஜேம்ஸ் பேர்பேஜ் நாடகத்துக்கென்று தனிக் கட்டடம் எழுப்பினார். அவரும் தச்சுத் தொழில் பழகியவர்.

பின்னால் வந்த படித்தவர்கள் சாக்ஸைச் செருப்புக் கவிஞன் என்று கேலி செய்தார்கள். மகாகவி கோத்தே 1776 இல் அவரைப் புகழ்ந்து கவிதை எழுதினார். 1868 இல் வாக்னர் தன் இசை நாடகத்தில் அவரை முக்கிய பாத்திரமாக்கினார். இன்று நூர்ன்பேர்க்கில் அவர் பெயரில் ஒரு சதுக்கமும் அதில் அவருடைய சிலையும் இருக்கின்றன. எழுதாதே என்று தடுத்த சபையாரின் பெயர் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலை முடிந்து வந்து பேனை பிடிக்கிற எங்கட ஆட்களும், இந்தப் புத்தாண்டில் நாடகம் பழகுகிற எங்கட பிள்ளைகளும் இந்தச் சப்பாத்துத் தொழிலாளியை அறிந்திருக்க வேண்டும்.