பேப்பர் போட முடியாத வேலை: 90,000 டாலர் சம்பளத்தை உதறிய கர்ட் ஃப்ளட்டின் கதை

இப்போது பார்க்கும் வேலை பிடிக்கலைன்னா நீங்க என்ன செய்வீங்க? ரெஸ்யூமேவை அப்டேட் பண்ணுவீங்க. நாலு இடத்தில் பேசுவீங்க. ஆஃபர் கைக்கு வந்ததும் பேப்பர் போட்டுடுவீங்க. நோட்டீஸ் பீரியட் 90 நாளா என்று அலுத்துக்கொண்டாலும், அது முடிந்த மறுநாள் நீங்க யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை.

இப்போ ஒன்று கற்பனை செய்து பாருங்க. அந்த 90 நாள் முடியவே முடியாது. நீங்க அந்தத் தொழிலில் இருக்கும்வரை வேறு எந்த நிறுவனமும் உங்களை எடுக்காது. ஆனால் உங்கள் நிறுவனம் நினைத்தால், ஒரே ஒரு போன் காலில் உங்களை வேறு ஊர் நிறுவனத்துக்குக் கைமாற்றிவிடலாம். உங்களிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

1970-களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் இப்படித்தான் நடந்தது. அதை எதிர்த்து கோர்ட் படியேறியவர் கர்ட் ஃப்ளட். ஒரு சீசனின் தோல்விதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

யார் இந்த கர்ட் ஃப்ளட்?

1938-ல் டெக்சாஸின் ஹூஸ்டனில் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் வளர்ந்த கறுப்பினத்தவர். 1956-ல் சின்சினாட்டி அணியுடன் ஒப்பந்தம் போட்டபோது அவருக்கு வயது 18. இரண்டாம் நிலை அணிகளில் ஆடித் தேற, அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். நிறவெறி சட்டமாகவே இருந்த ஊர்கள் அவை. சக வெள்ளை வீரர்களோடு ஒரே ஹோட்டலில் தங்க முடியாது, ஒரே இடத்தில் சாப்பிட முடியாது. அவர் அழுக்குச் சட்டையைக்கூட மற்றவர்கள் துணியோடு சேர்த்துத் துவைக்க மாட்டார்கள்.

1957 டிசம்பரில் சின்சினாட்டி அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. அங்கேதான் அவர் நட்சத்திரம் ஆனார். அவர் இடம் சென்டர் ஃபீல்டு. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளருக்குப் பின்னால், எல்லைக்கோட்டுப் பக்கம் நின்று பாய்ந்து பாய்ந்து கேட்ச் பிடிப்பவரை நினைத்துக்கொள்ளுங்க. சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு க்ளவ் விருதை 1963 முதல் 1969 வரை தொடர்ந்து 7 முறை வாங்கினார். 1966 சீசன் முழுக்க ஒரு பிழைகூடச் செய்யவில்லை. 1964, 1967 ஆண்டுகளில் கார்டினல்ஸ் வேர்ல்டு சீரிஸ் கோப்பையை வென்றபோது அந்த அணியின் முக்கியத் தூண் அவர்.

இன்னொன்றையும் கவனிங்க. 1964-ல் கலிஃபோர்னியாவில் அவர் வாடகைக்கு எடுத்த வீட்டில், கறுப்பினத்தவர் என்பதாலேயே குடியேற விடாமல் மிரட்டினார்கள். அவர் பயந்து வேறு வீடு தேடவில்லை. கோர்ட் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து அதே வீட்டில் குடியேறினார்.

1969 சீசனில் என்ன ஆச்சு?

கதை அதற்கு முந்தைய ஆண்டிலேயே தொடங்குகிறது. 1968 வேர்ல்டு சீரிஸில் டெட்ராய்ட் அணிக்கு எதிராக கார்டினல்ஸ் 3-1 என முன்னிலை. இன்னும் ஒரு வெற்றி போதும். ஆனால் டெட்ராய்ட் திருப்பி அடித்து 3-3 ஆக்கியது. கடைசி மேட்ச்சில், இரு அணியும் ரன் எடுக்காத நிலையில், ஃப்ளட் பக்கம் ஒரு பந்து பறந்து வந்தது. அதைத் தப்பாகக் கணித்து முன்னால் வந்தவர், சுதாரித்துத் திரும்பும்போது கால் வழுக்கியது. பந்து தலைக்கு மேலே போனது. இரண்டு ரன். கோப்பை கைநழுவியது. பிழையே செய்யாதவர் என்று பெயர் எடுத்தவருக்கு அந்த ஒரு பந்து ஆறாத வடுவானது.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில், பென்ஷன் தகராறு காரணமாகப் பல அணிகளின் வீரர்கள் பயிற்சி முகாமுக்கு வராமல் இருந்தார்கள். சம்பளப் பேச்சிலும் கார்டினல்ஸ் வீரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஃப்ளட் கேட்டது 1 லட்சம் டாலர். கிடைத்தது 90,000. அணியின் முதலாளி கஸ்ஸி புஷ், பெரிய பீர் கம்பெனியின் அதிபர். மார்ச் மாதம் வீரர்களை உட்காரவைத்து, பத்திரிகையாளர்கள் முன்னிலையிலேயே, உங்களுக்குப் பணத்தாசை பிடித்துவிட்டது என்கிற தொனியில் பாடம் நடத்தினார். அதே மாதம் ஆர்லாண்டோ செபெடா என்ற முக்கிய வீரர் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார்.

முந்தைய இரண்டு ஆண்டும் லீகில் முதலிடம் பிடித்த அணி, அந்த சீசனில் 162 ஆட்டங்களில் 87-ல் மட்டும் ஜெயித்து, தன் பிரிவில் நாலாவது இடத்துக்குச் சரிந்தது. சீசன் முடிந்ததும், அக்டோபரில் ஒரு நாள் விடியற்காலையில் ஃப்ளட் வீட்டு போன் அடித்தது. உங்களை ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணிக்கு மாற்றிவிட்டோம் என்றது அலுவலகக் குரல். 7 வீரர்கள் கைமாறிய பேரத்தில் அவரும் ஒருவர்.

ஃபிலீஸ் அந்த சீசனில் 99 ஆட்டங்களில் தோற்ற அணி. ஆனால் அவர் கேட்ட கேள்வி அந்த அணி நல்லதா கெட்டதா என்பதைப் பற்றியது இல்லை. 12 ஆண்டு உழைத்த, வீடும் போட்டோ ஸ்டுடியோவும் வைத்திருந்த ஊரை விட்டுக் கிளம்பச் சொல்ல இவர்கள் யார் என்பதுதான்.

‘ரிசர்வ் கிளாஸ்’ என்றால் என்ன?

எல்லா வீரர்களின் ஒப்பந்தத்திலும் இருந்த ஒரு ஷரத்து. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். அது முடிந்ததும், வீரர் கையெழுத்துப் போடாவிட்டாலும், இன்னும் ஓராண்டு நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. அந்த நீட்டிப்பிலும் இதே ஷரத்து இருக்கிறது, அதனால் மறுபடியும் நீட்டிக்கலாம் என்பது முதலாளிகளின் வாதம். சுருக்கமாக, ஆயுள் ஒப்பந்தம்.

இது ஏகபோகம் இல்லையா, சட்டம் கேட்காதா என்று நீங்க கேட்கலாம். கேட்கவில்லை. பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1953-லும் அதையே உறுதி செய்தது.

தோற்பது தெரிந்தே ஏன் போனார்?

வீரர்கள் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் ஃப்ளட்டிடம் எதையும் மறைக்கவில்லை. ஜெயிப்பது கஷ்டம், ஜெயித்தாலும் உங்களுக்குப் பலன் இருக்காது, இனி இந்தத் தொழிலில் உங்களை யாரும் சேர்க்க மாட்டார்கள் என்று எச்சரித்தார். மற்ற வீரர்களுக்கு உதவுமா என்று ஃப்ளட் கேட்டார். உதவும் என்றார் மில்லர். அது போதும் என்று முடிவெடுத்தார். செலவைச் சங்கம் ஏற்றது.

1969 டிசம்பர் 24 அன்று பேஸ்பால் கமிஷனர் போவி கூனுக்கு, தன்னை விற்கவோ வாங்கவோ முடியாது என்று கடிதம் எழுதினார். பதில் சாதகமாக இல்லை. 1970 ஜனவரியில் வழக்கு. 90,000 டாலர் வாங்குகிறவருக்கு என்ன அடிமைத்தனம் என்று பலர் கிண்டல் செய்தார்கள். சம்பளம் எவ்வளவு என்பது ஒன்று, போக உரிமை இருக்கிறதா என்பது வேறு என்பதே அவர் நிலை. சுமார் 1 லட்சம் டாலர் தர ஃபிலீஸ் தயாராக இருந்தும், 1970 சீசன் முழுக்க அவர் ஆடவில்லை.

1970 மே மாதம் நியூயார்க்கில் விசாரணை தொடங்கியது. பேஸ்பாலின் நிறத்தடையை 1947-ல் உடைத்த ஜாக்கி ராபின்சன், உடம்பு தளர்ந்த நிலையிலும் வந்து ஃப்ளட்டுக்காகச் சாட்சி சொன்னார். ஆனால் அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூடக் கோர்ட் பக்கம் வரவில்லை.

கடைசியில் யாருக்குப் பலன்?

கீழ்க்கோர்ட்டுகளில் தோற்றார். 1972 ஜூனில் உச்ச நீதிமன்றமும் 5-3 என்ற கணக்கில் கைவிட்டது. பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு இருப்பது முரண்தான், ஆனால் அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டது.

நடுவில் 1971-ல் வாஷிங்டன் அணிக்காகத் திரும்பி வந்தார். ஓராண்டு இடைவெளியில் பழைய வேகம் போய்விட்டது. 13 ஆட்டங்களோடு கிளம்பிவிட்டார். ஸ்பெயினின் மயோர்கா தீவில் ஒரு மதுக்கடை நடத்தினார். குடிப்பழக்கமும் பணக்கஷ்டமும் துரத்தின.

ஆனால் அவர் எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. 1975 டிசம்பரில், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலேயே ஒரு சீசனை ஓட்டிய ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி இருவரும் சுதந்திரமானவர்கள் என நடுவர் தீர்ப்பளித்தார். நீட்டிப்பு ஒருமுறைதான், ஆயுளுக்கும் இல்லை என்றானது. அடுத்த ஆண்டிலிருந்து வீரர்கள் அணி மாறும் உரிமை பெற்றார்கள். 1990-களில் சராசரிச் சம்பளமே 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

அதற்கு முன்பே, 1973-ல் ஒரு விதி வந்தது. 10 ஆண்டு ஆடி, கடைசி 5 ஆண்டு ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதமின்றி மாற்ற முடியாது. 1969-ல் இது இருந்திருந்தால், ஃப்ளட் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டு செயின்ட் லூயிஸிலேயே இருந்திருப்பார்.

தொண்டைப் புற்றுநோயால் 1997 ஜனவரி 20 அன்று, 59 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு, பெரிய லீக் வீரர்களுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்தின் பாதுகாப்பைத் தந்த சட்டத்துக்கு நாடாளுமன்றம் அவர் பெயரையே வைத்தது.

உங்கள் ஆஃபீஸிலும் என்றைக்காவது ஒருவர், எல்லோருக்கும் பொதுவான ஒரு பிரச்சினைக்காக எச்.ஆர். முன்னால் தனியாகப் போய் நிற்பார். அவர் சொல்வது சரி என்று உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு அந்த நியூயார்க் கோர்ட்டின் காலி நாற்காலிகள் ஒரு நிமிஷம் உங்கள் நினைவுக்கு வரட்டும்.