தன் தவறைத் தானே எழுதிய டாக்டர்

போன வருஷம் என் தம்பிக்கு வாந்தி பேதி வந்து, கால் துவண்டு நிற்கக்கூட முடியாமல் போச்சு. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏத்தினாங்க. ராத்திரி முழுக்க அந்த பாட்டிலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ரிங்கர் லாக்டேட் என்று எழுதியிருந்தது. ரிங்கர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று எங்கள் அறிவியல் டீச்சர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

சிட்னி ரிங்கர் இங்கிலாந்தில் நார்விச் நகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்து டாக்டரானார். நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு, ஆராய்ச்சியும் செய்தார்.

இதயமும் ஒரு தசைதான். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, எந்தத் தண்ணீரில் வைத்தால் துடித்துக்கொண்டே இருக்கும் என்று சோதித்தார். உப்புத் தண்ணீரிலேயே நெடுநேரம் துடிப்பதாக 1882-ல் எழுதினார். பிறகுதான் உண்மை தெரிந்தது. உப்பைக் கரைத்தது காய்ச்சி வடித்த நீரில் இல்லை, லண்டன் குழாய்த் தண்ணியில்! அதில் கால்சியம் இருந்தது. வடித்த நீரில் செய்து பார்த்தால் இதயம் சீக்கிரமே நின்றுபோனது.

அவர் நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் 1883-ல் தன் தவறைத் தானே எழுதி வெளியிட்டார். தசை சுருங்க கால்சியம் வேண்டும், அதைச் சமன் செய்து தளர விட கொஞ்சம் பொட்டாசியமும் வேண்டும் என்று கண்டுபிடித்தார். பொட்டாசியம் அதிகமானால் இதயம் நின்றுவிடும் என்பதையும் கண்டார்.

காரணம் பிற்காலத்தில் தெளிவானது. நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான், அதிலும் பெரும்பகுதி தசைகளில்தான் இருக்கிறது. தசை செல்லுக்கு உள்ளே, வெளியே இருப்பதைப்போல 30 மடங்குக்கும் மேல்! செல்லின் சவ்வில் உள்ள ஒரு பம்பு 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இந்த ஏற்பாடு குலைந்தால் தசை வேலை செய்யாது. பேதியில் பொட்டாசியம் நிறைய போய்விட்டாலும் கை கால் சோர்ந்துவிடும்.

ரிங்கர் 1910-ல் இறந்தார். 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்ஸிஸ் ஹார்ட்மன் அவர் கரைசலில் லாக்டேட் சேர்த்தார். அதுதான் என் தம்பிக்கு ஏறியது.

பரிசோதனை நோட்டில் விடை தப்பா வந்தால் நான் பக்கத்து நோட்டைப் பார்த்து மாத்தி எழுதுவேன். இப்போ அப்படிச் செய்வதில்லை. எங்கே தப்பு என்று தேடுகிறேன். நீங்களும் தேடிப் பாருங்கள் தோழிகளே, தோழர்களே!

– 9-ஆம் வகுப்பு மாணவி