காத்திருந்த மன்னனின் ஆண்டுக் கணக்கு

அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். மக்கள் அருள்மொழியை அரசாள வேண்டினர். சிற்றப்பன் உத்தம சோழன் அரியணையை விரும்பியதால் அவன் விட்டுக்கொடுத்தான். இதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது.

பொறுமை வீண் போகவில்லை. 985-ல் முடிசூடி ராஜராஜ சோழன் ஆனான். மன்னன் முடிசூடிய நாளிலிருந்து ஆண்டை எண்ணுவது அக்கால வழக்கம். எனவே கணக்கு ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியது.

அவனது 25-ம் ஆண்டு, 275-ம் நாளில் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்துக்குக் கலசம் வழங்கினான். ஆங்கிலக் கணக்கில் அது 1010. சக ஆண்டு 932. மலையாள நாட்டில் கொல்லம் 185. முஸ்லிம்களுக்கு ஹிஜிரி 400. பாரசீகக் கவிஞர் பிர்தவுசி ஷாநாமா காவியத்தை முடித்ததும் அவ்வாண்டில்தான்.

1014-ல் ராஜராஜன் மறைந்தான். அவனது ஆண்டுக் கணக்கும் நின்றது. கலசம் வைத்த நாளைச் சொல்லும் கல்வெட்டு மட்டும் இன்றும் கோவிலில் இருக்கிறது.