தமிழில் வைத்தியம் போதித்த டாக்டர் கிறீன்

நாஞ்சில் நாட்டு வர்ம ஆசான்கள் மனித சரீரத்தில் 108 வர்ம ஸ்தானங்களைக் கணக்கிட்டு, அவற்றுள் படுவர்மம் 12 என்றும் தொடுவர்மம் 96 என்றும் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, வாய்மொழியாகவும் ஏட்டுச் சுவடிகளிலும் காத்து வந்திருக்கிறார்கள். அதே நாட்டில், நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்து அரசாங்க மருத்துவக் கல்லூரியில் வாசிக்கும் இளைஞரோ, அதே சரீரத்தின் எலும்பையும் நரம்பையும் கிரேக்க லத்தீன் பெயர்களால் நெட்டுருப் போடுகிறார். பரீட்சையில் தேறி நோயாளியின் கட்டிலண்டை நிற்கும்போது, வியாதி இன்னதென்று விளக்கத் தாய்ப் பாஷையில் அவருக்குச் சொல் அகப்படுவதில்லை. இக்குறையைப் போக்க ஒருவர் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே தம் ஆயுளைச் செலவிட்டார். அவர் தமிழரல்லர் என்பது நமக்கு வியப்பையும் சிறிது வெட்கத்தையும் தருகிறது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அப்பெரியார் 1822 ஆம் வருஷம் அக்டோபர் மாதம் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். வைத்தியம் கற்றுத் தேறி, அமெரிக்க மிஷன் சார்பாக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையில் சில காலம் இருந்து, 1848 இல் மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, அவ்வருஷமே மாணாக்கர் சிலரைச் சேர்த்துப் போதிக்கத் தொடங்கினார். அவர் வந்த நோக்கம் மதப்பிரசாரம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த நோக்கத்தில் நம்முடன் உடன்படாத நேயர்கள் பலர் இருக்கலாம். நாம் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம் அதுவன்று.

முதலில் அவரும் இங்கிலீஷிலேதான் போதித்தார். அதன் பலன் யாது? கற்றுத் தேறியவர்கள் சம்பளம் மிகுந்த உத்தியோகங்களை நாடிப் போய்விட்டார்கள். கிராமத்துக் குடியானவன் காய்ச்சலிலும் பேதியிலும் கிடந்தால் பார்ப்பாரில்லை. இங்கிலீஷ்ப் படிப்பு மனிதனை ஊரைவிட்டுப் பெயர்த்தெடுத்துவிடும் என்றும், தமிழில் கற்ற வைத்தியனே தமிழரிடையே தங்குவான் என்றும் கிறீன் முடிவு கட்டினார். தம் மாணாக்கர் உடையிலும் நடையிலும் ஐரோப்பியராக மாறுவதையும் அவர் விரும்பவில்லை. நம்மவர் பலர் அப்பொழுது துரைமார் வேஷத்தையே நாகரிகமென்று எண்ணியிருந்தனர் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இடையில் தாய்நாடு சென்று, 1862 இல் திரும்பி வந்தார். 1864 முதல் வகுப்பைத் தமிழிலேயே நடத்தினார். தமிழில் போதிப்பதென்றால் தமிழில் புஸ்தகம் வேண்டும். புஸ்தகம் வேண்டுமானால் சொல் வேண்டும். இங்கேதான் அவருடைய உழைப்பின் அருமை விளங்குகிறது. ஒரு பொருளுக்குத் தமிழில் சொல் உண்டா என்று முதலில் தேடுவது, இல்லையேல் சமஸ்கிருதத்தில் நாடுவது, அங்கும் கிடைக்காவிடில் இங்கிலீஷ்ச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைத்துக்கொள்வது என்பது அவர் கைக்கொண்ட முறை. சரீரத்தின் அமைப்பைக் கூறும் சாஸ்திரம் அங்காதிபாதம் ஆயிற்று. அவயவங்களின் தொழிலைக் கூறுவது சுகரணம். அறுத்துச் செய்யும் சிகிச்சை இரணவைத்தியம். ரசாயன நூலுக்கு மட்டும் கெமிஸ்தம் என்று பெயரிட்டார்; அது நம் செவிக்கு அத்துணை இனிக்கவில்லை. அங்காதிபாதம் என்னும் சொல்லோ, கேசாதிபாதம் பாடிய நம் புலவர் மரபை நினைவூட்டி நிற்கிறது.

உறுப்புகளுக்குப் பெயர் தேடுவதைவிட வியாதிகளுக்குப் பெயர் தேடுவது கடினம். கையும் காலும் எங்கும் ஒன்றே. வியாதியோ ஒவ்வொரு வைத்திய முறையும் தன் சித்தாந்தப்படி வகுத்துக்கொண்ட பொருள். குன்மம் என்று நம் வைத்தியர் வழங்கும் ஒரு பெயருக்குள் மேனாட்டார் வெவ்வேறாகப் பிரிக்கும் வயிற்று நோய்கள் பல அடங்கும். காமாலை என்பதோ இக்காலத்து வைத்தியருக்கு நோயன்று, பல நோய்களின் குறி. பழைய சொல்லை எடுத்தால் வாத பித்த சிலேத்துமக் கொள்கையும் அதனுடன் ஒட்டி வரும்; புதுச் சொல்லைப் புனைந்தால் நோயாளிக்கு விளங்காது. இச்சங்கடம் இன்றும் தீர்ந்தபாடில்லை.

அவர் தனியாளாக இதைச் செய்யவில்லை. டான்போர்த், சாப்மன், பவுல், சுவாமிநாதர் முதலிய அவருடைய தமிழ் மாணாக்கர்கள் மொழிபெயர்ப்பில் துணை நின்றனர். (மேனாட்டுப் பெயர்களைக் கண்டு நேயர்கள் மயங்க வேண்டாம், மிஷன் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு அமெரிக்கத் தருமவான்களின் பெயரைச் சூட்டுவது அக்காலத்து வழக்கம்.) டுருவிட் என்பாரின் நூல் இரணவைத்தியமாக 1867 இல் வெளிவந்தது. உலகெங்கும் மாணவர் வாசிக்கும் கிரே என்பாரின் சரீர சாஸ்திரம் லண்டனில் 1858 இல்தான் முதன்முதல் அச்சாயிற்று. 14 வருஷங்களில், 1872 இல், அது மனுஷ அங்காதிபாதம் என்று தமிழில் வந்துவிட்டது. அதே வருஷத்தில் வைத்தியாகரமும், 1875 இல் கெமிஸ்தமும் வெளியாயின.

தேகம் தளர்ந்து 1873 இல் அவர் அமெரிக்கா திரும்பினார். எனினும் வேலையை விடவில்லை. கடல் கடந்து காகிதங்கள் போய்வர, வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தினார். மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. அவரிடம் பயின்று தேறிய வைத்தியர் 60 பேருக்கு மேல். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

அவருக்குப் பின் தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. கொழும்பில் 1870 இல் சர்க்கார் தொடங்கிய வைத்தியக் கல்லூரி இங்கிலீஷில் நடந்தது. பட்டமும் பதவியும் அங்கே இருந்தன. அந்நூல்களோ அலமாரியில் உறங்கின. தமிழ்நாட்டில் 1916 இல் ராஜாஜி முதலானோர் சேலத்தில் சாஸ்திரச் சொற்களுக்கென்று ஒரு சங்கம் கண்டபோது, சொல்லாக்க வேலையை ஏறக்குறைய மறுபடி அரிச்சுவடியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

கிறீன் 1884 மே மாதம் 28 ஆம் தேதி வூஸ்டரில் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்ற குறிப்பு அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.