மிதிவண்டி வீராங்கனை அல்போன்சினா

1992ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள், உலக மகளிர் நாளன்று, புதுக்கோட்டை நகரத் தெருக்களில் மிதிவண்டிகள் அணியணியாகச் சென்றன. கைப்பிடிகளில் சிறு கொடிகள் பறந்தன. மணியொலி இடைவிடாது கேட்டது. ஓட்டிச் சென்றவர் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள். அறிவொளி இயக்கத்தில் எழுத்தைக் கற்ற கையோடு மிதிவண்டியையும் கற்றவர்கள் அவர்கள். பெண்களுக்கென்று செய்த வண்டிகள் கடைகளில் கிடைக்காதபோது ஆடவர் வண்டியையே வாங்கினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்று அதனையே விரும்பியவரும் உண்டு. தொடக்கத்தில் அவர்களைக் கண்டு எள்ளி நகைத்தவர் பலர். அவ்வெள்ளலுக்கு அஞ்சி அவர்கள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

இதே எள்ளலை ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலி நாட்டில் ஓர் ஏழைச் சிறுமி கேட்டாள். அவளே பின்னாளில் ஆடவரோடு ஆடவராக நெடுஞ்சாலைப் பந்தயத்தில் ஓடிப் புகழ்பெற்ற அல்போன்சினா ஸ்திராடா.

அல்போன்சினா 1891ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள், வட இத்தாலியில் மோடினா நகருக்கு அண்மையில் பிறந்தார். தந்தை கூலிக்கு உழைக்கும் குடியானவர். வீட்டில் குழந்தைகள் பலர், வருவாயோ சிறிது. மகளுக்குப் பத்து வயது ஆனபோது தந்தை பழைய மிதிவண்டி ஒன்றை வீட்டிற்குக் கொண்டுவந்தார். கோழிகள் சிலவற்றைக் கொடுத்து அதனைப் பெற்றார் என்பர். தந்தைக்கு வாங்கிய வண்டி விரைவிலேயே மகளின் வண்டியாயிற்று. பாவாடை பறக்கப் புழுதிச் சாலையில் விரையும் சிறுமியைக் கண்ட ஊரார், பாவாடை கட்டிய பிசாசு என்று அவளுக்குப் பெயரிட்டனர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வழிபாட்டிற்குச் செல்வதாகப் பெற்றோரிடம் கூறிவிட்டு, அவள் அண்டை ஊர்ப் பந்தயங்களுக்குச் சென்றாள். பொய் கூறியது பிழையே. ஆனால் மெய் கூறியிருந்தால் வண்டி பூட்டப்பட்டிருக்கும். பதின்மூன்றாம் வயதில் அவள் வென்ற முதற்பரிசு உயிருள்ள பன்றி ஒன்று என்று கூறுவர். உழவர் வீட்டிற்குப் பதக்கத்தினும் அதுவே மிகுதியாகப் பயன்பட்டிருக்கும்.

1911ஆம் ஆண்டில் அவர் ஒரு மணி நேரத்தில் 37 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். 1915இல் லூயிஜி ஸ்திராடா என்பவரை மணந்தார். ஊரார் இகழ்ந்ததை அக்கணவர் போற்றினார். மணப்பரிசாக அவர் அளித்தது ஒரு பந்தய மிதிவண்டி. உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917, 1918 ஆகிய ஆண்டுகளில் லொம்பார்தியப் பந்தயத்தில் அல்போன்சினா ஆடவருடன் ஓடினார். முதலாண்டில் வென்றவருக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தார். அடுத்த ஆண்டில் அவ்விடைவெளி 23 நிமிடமாகக் குறைந்தது.

இத்தாலியச் சுற்றுப் பந்தயம் இவற்றினும் மிகப் பெரிது. 1924ஆம் ஆண்டில் அதன் தொலைவு 3,613 கிலோமீட்டர், கட்டங்கள் பன்னிரண்டு. அவ்வாண்டு ஊதியம் பற்றிய பூசலால் புகழ்பெற்ற வீரர் பலர் பந்தயத்திற்கு வரவில்லை. பந்தயத்தை நடத்திய செய்தித்தாளினர் எக்குழுவையும் சாராத தனியாட்களுக்கு உணவும் தங்குமிடமும் தருவதாக அறிவித்தனர். அல்போன்சினா பெயர் கொடுத்தார். அப்பெயர் பட்டியலில் இறுதி உயிரெழுத்து நீங்கி, அல்போன்சின் என்று ஆண்பெயர் போல் பதிவாயிற்று. அக்காலத்தில் அவருடைய கணவர் மனநோயுற்று மருத்துவமனையில் இருந்தார். புகழோடு பொருளும் அவருக்கு வேண்டியிருந்தது.

மே 10ஆம் நாள் மிலான் நகரில் 90 பேர் புறப்பட்டனர். சாலைகள் கல்லும் புழுதியுமாக இருந்தன. மழை பெய்தால் சேறு. மேட்டிற்கேற்பப் பற்சக்கரம் மாற்றும் பொறியும் வண்டியில் இல்லை. நாள்தோறும் சிலர் விலகினர், அல்போன்சினா விலகவில்லை. எட்டாம் கட்டத்தில் லாக்குவிலாவிலிருந்து பெருஜியா வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் செல்லவேண்டியிருந்தது. அன்று மழையும் காற்றும் கடுமையாக இருந்தன. வழியில் வீழ்ந்தார், வண்டியின் கைப்பிடி முறிந்தது. துடைப்பக் கட்டையின் துண்டொன்றை அதில் பொருத்திக்கொண்டு மேலும் சென்றார் என்பர். பெருஜியாவை அடைந்தபோது குறித்த நேரம் கடந்துவிட்டது.

விதிப்படி அவர் நீக்கப்படவேண்டும். நடுவர்கள் அது குறித்து வாதிட்டனர். முடிவில், அவருடைய நேரம் கணக்கில் சேராது, ஆனால் அவர் தொடர்ந்து ஓட்டலாம் என்று செய்தித்தாளின் ஆசிரியர் எமிலியோ கொலம்போ இசைந்தார். இரக்கம் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. முன்னணி வீரர் இல்லாத அப்பந்தயத்தில் மக்கள் சாலையோரம் காத்து நின்றது இவரைக் காணவே என்பதை அவர் அறிவார்.

இனி வென்றாலும் இடமில்லை, தோற்றாலும் இழப்பில்லை. இந்நிலையில் நாள் முழுதும் மிதிப்பதற்கு என்ன காரணம் இருக்கமுடியும்? எஞ்சிய கட்டங்கள் நான்கு. அவற்றுள் ஒன்று பொலோனியாவிலிருந்து பியூமே வரை 415 கிலோமீட்டர். புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்குள்ள தொலைவினும் மிகுதி. அதனை ஒரே ஓட்டத்தில் கடக்கவேண்டும். களைத்து, உடல் நொந்து, கண்ணீரோடு பியூமேயை அடைந்தவரை மக்கள் வண்டியிலிருந்து தூக்கிக் கொண்டாடினர். சூன் 1ஆம் நாள் அவர் மிலான் நகரை மீண்டும் அடைந்தார். வென்ற ஜுசெப்பே என்ரீச்சிக்கு ஏறத்தாழ 28 மணி நேரம் பிந்தியிருந்தார். 90 பேரில் முடித்தவராகப் பட்டியலில் இடம்பெற்றவர் 30 பேரே. அல்போன்சினாவின் பெயர் அதில் இல்லை. மக்கள் திரட்டி அளித்த பொருள் கணவரின் மருத்துவச் செலவுக்கு உதவிற்று.

மறு ஆண்டு முன்னணி வீரர்கள் திரும்பினர். அல்போன்சினாவுக்கு இடம் மறுக்கப்பட்டது. அதன்பின் அவர் வேறு பந்தயங்களிலும் வேடிக்கைக் காட்சிகளிலும் வண்டி ஓட்டினார். கணவர் இறந்தபின் முன்னாள் மிதிவண்டி வீரர் ஒருவரை 1950இல் மணந்து, மிலான் நகரில் மிதிவண்டிக் கடை நடத்தினார். அவரும் மறைந்தபின் கடையைத் தனியே பேணினார். முதுமையில் கால்கள் முன்போல் மிதிக்க இயலாமற்போகவே, மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். 1959ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள் அதில் ஏறி மிதிவண்டிப் பந்தயம் ஒன்றைக் காணச் சென்றார். அன்று மாலை வீடு திரும்பியபின், அவ்வண்டியின் அருகிலேயே மயங்கி வீழ்ந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 68.