சென்னையைக் காத்தான், தூக்குக் கயிறு பெற்றான்!

சென்னையிலிருந்து தெற்கே இரயிலேறிச் செல்வோர் செங்கற்பட்டிலே பரந்து கிடக்கும் ஏரியைக் கண்டிருப்பர். அந்த ஏரியை ஒருபுறம் அரணாகக் கொண்டு அங்கே ஒரு கோட்டை நின்றது. 1756-இல் மூண்ட ஏழாண்டுப் போரிலே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியது ஐரோப்பாவில் மட்டுமல்ல. அந்தத் தீ நம் பாலாற்றங்கரையிலும் பற்றி எரிந்தது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டான். ஆனால், செங்கற்பட்டைப் பிடிக்காமலே வந்துவிட்டான். அவனுக்கு வேண்டிய பொருள்களோ புதுவையிலிருந்து வரவேண்டும். முதுகுக்குப் பின்னே பகைவன் கோட்டை!

அந்தக் கோட்டையைத் தளமாகக் கொண்டு லாலியை அலைக்கழித்தவர் இருவர். ஒருவன் பிரெஸ்டன் என்னும் ஆங்கிலேயன். மற்றொருவன் யார்? இராமநாதபுரச் சீமையின் பனையூரிலே பிறந்த மருதநாயகம்! இசுலாத்தைத் தழுவி முகமது யூசுப்கான் ஆனவன். கம்பெனிப் பட்டாளத்திலே சேர்ந்து, திருச்சிப் போர்களிலே திறங்காட்டி, சிப்பாய்களுக்கெல்லாம் தலைவனாக உயர்ந்தவன்.

திடீரெனத் தாக்குவான், விரட்டினால் விலகுவான், மீண்டும் வருவான். முற்றுகையிட்டவனே முற்றுகைக்குள்ளானான்! 1759 பிப்ரவரியில் பரங்கிமலையிலே கடும்போர். 16-ஆம் நாள் ஆங்கிலக் கப்பல்கள் வந்தன. மறுநாளே லாலி பீரங்கிகளைக் கைவிட்டுப் பின்வாங்கினான். சென்னை பிழைத்தது.

யாருக்காகப் பிழைத்தது? இந்தக் கேள்வியை அன்று அவன் கேட்கவில்லை. கம்பெனிக்காகத் தெற்கே சென்றான். 1761-இல் பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவலை வீழ்த்தினான். தமிழன் கையாலேயே தமிழன் கோட்டை தகர்ந்தது. அந்தக் கறையை மறைப்பது வரலாறாகாது.

ஆயினும் மதுரையை ஆண்டபோது ஏரி குளங்களைச் செப்பனிட்டான். பறிபோன கோயில் நிலங்களை மீட்டளித்தான். மக்கள் மனத்திலே இடம்பெற்றான். நவாப் முகமது அலியின் மனத்திலே பொறாமை புகுந்தது. எனக்கு அடங்கி நில் என்றான் நவாப். கம்பெனியோ, காத்த கரத்தை உதறிவிட்டு நவாபின் பக்கம் சாய்ந்தது.

1763-இல் பாரிசிலே சமாதானம் கையெழுத்தாயிற்று. முகமது அலியே கர்நாடகத்தின் நவாப் என்று அங்கே எழுதினார்கள். இந்த மண்ணின் மைந்தனை யார் கேட்டார்கள்? அதே ஆண்டில் அவன் பணிய மறுத்தான். தான் எதிர்த்து நின்ற பிரெஞ்சுக் கொடியையே மதுரைக் கோட்டையிலே ஏற்றினான்.

முதல் முற்றுகையை முறியடித்தான். 1764-இல் மீண்டும் படை வந்தது. பீரங்கியால் வெல்ல முடியாதவனைத் துரோகம் வென்றது. தொழுகையிலே இருந்தவனை உடனிருந்தோரே பிடித்துக் கொடுத்தனர். அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டனர்.

செங்கற்பட்டிலே சிந்திய வியர்வைக்குக் கூலி, மதுரையிலே தொங்கிய கயிறு! சம்மட்டிபுரத்துக் கல்லறை இன்றும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது: உழைப்பைக் கேட்டு வருவோரிடம், உரிமை எங்கே என்று முதல்நாளே கேள். வென்ற பிறகு கேட்டால் கயிறுதான் விடை!